ஜாய் டிவிஷன் ரசிகர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாய் டிவிஷன் என்பது யார்? ஒன்றும் தெரியாதவருக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள். பாட்டு இயன் கர்ட்டிஸ், கிட்டார் பெர்னார்ட் சம்னர், பேஸ் கிட்டார் பீட்டர் ஹூக், டிரம்ஸ் ஸ்டீபன் மோரிஸ். சம்னரும் ஹூக்கும் சால்ஃபர்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கர்ட்டிஸும் மோரிஸும் தெற்கே இருக்கும் மேக்கிள்ஸ்ஃபீல்ட் ஊர்க்காரர்கள். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு நடத்திய கச்சேரியைப் பார்த்துவிட்டுத்தான் சம்னரும் ஹூக்கும் குழு தொடங்க முடிவெடுத்தார்கள். மறுநாளே ஹூக் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார், வாசிக்கத் தெரியாமலே.

முதலில் வார்சா என்ற பெயரில் இயங்கினார்கள். 1978 தொடக்கத்தில் ஜாய் டிவிஷன் ஆனார்கள். 1979 ஜூனில் 'அன்னோன் பிளஷர்ஸ்' ஆல்பம் வந்தது. இரண்டாவது ஆல்பமான 'க்ளோசர்' 1980 ஜூலையில் வெளியானபோது கர்ட்டிஸ் உயிரோடு இல்லை. அமெரிக்கப் பயணம் தொடங்க வேண்டிய நேரத்தில், 1980 மே 18 அன்று, 23 வயதில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

போஸ்ட்-பங்க் என்றால் என்ன?

1970களின் நடுவில் எழுந்த முரட்டு ராக் இசையான பங்க் "யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்" என்று கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியே உள்ளே வந்து, மூன்று ஸ்வரக்கட்டும் கோபமும் மட்டும் போதாது என்று நினைத்தவர்கள் செய்தது போஸ்ட்-பங்க். வேகம் குறைந்தது. சிந்தசைசர் வந்தது. கோபம் வெளியே பாய்வதற்குப் பதிலாக உள்ளே திரும்பியது.

இரண்டே ஆல்பம்தான். அதுவும் நாற்பது ஆண்டுக்கு மேல் பழசு. ஏன் இன்னும் ரசிகர்களை விடமாட்டேன் என்கிறது?

பாடகரின் மரணம்தான் காரணம் என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மைகூட இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. இளம் வயதில் இறந்த பாடகர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருடைய பாட்டைப் பதினாறு வயதுப் பிள்ளை இன்று புதிதாகக் கண்டுபிடித்து, இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

உண்மையான காரணம் ஒலியில் இருக்கிறது. இந்தப் பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் மற்றதிலிருந்து தள்ளி நிற்கிறது. டிரம்ஸ் ஒரு மூலையில், கிட்டார் இன்னொரு மூலையில், பேஸ் நடுவில், குரல் கொஞ்சம் பின்னால். இடையே காலி இடம். கேட்பவர் தன்னை வைத்துக்கொள்ள அந்த இடம் போதுமானதாக இருக்கிறது. நிறைத்துக் கொட்டிய பாட்டில் நமக்கு உட்கார இடம் கிடைக்காது, இதில் கிடைக்கிறது.

இரண்டாவது காரணம் குரல். கர்ட்டிஸ் அழுது பாடுவதில்லை, கெஞ்சுவதில்லை. தாழ்ந்த சுருதியில், செய்தி வாசிப்பவர் மாதிரி ஆரம்பிப்பார். பாட்டின் கடைசிப் பகுதியில்தான் குரல் உடையும். 'டிரான்ஸ்மிஷன்' பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்: முதல் இரண்டு நிமிடம் அடக்கம், அதற்குப் பிறகு கத்தல். அடக்கி வைத்தது எப்போது வெடிக்கும் என்று நம் உடம்பு காத்திருக்கிறது. துக்கத்தைப் பலநாள் அடக்கி வைத்துப் பழகியவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

அந்தக் காலி இடத்தை எப்படி உண்டாக்கினார்கள்?

அதற்குப் பொறுப்பு தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் ஊரில் உள்ள ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் முதல் ஆல்பம் பதிவானது. ஹானெட் செய்தவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது பயனுள்ளது, ஏனென்றால் ரசிகர்கள் "மனநிலை" என்று உணர்வதில் பாதி அவருடைய கைவேலை.

டிரம்ஸை மொத்தமாக வைத்து வாசிக்கவிட்டால் ஒரு மைக்கின் சத்தம் இன்னொன்றில் கசியும். கசிவு இருந்தால் ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியே மாற்ற முடியாது. அதனால் ஹானெட் மோரிஸை ஒவ்வொரு டிரம்மாகத் தனியே வாசிக்கச் சொன்னார். கிறீச்சிடும் பாகங்களைக் கழற்ற வைத்தார். பிறகு பர்ன்லி ஊர்க் கம்பெனியான ஏ.எம்.எஸ். அப்போதுதான் செய்திருந்த டிஜிட்டல் டிலே (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும்) கருவிக்குள் ஸ்னேர் டிரம்மின் சத்தத்தை அனுப்பினார். அடி விழுந்து சில மில்லிவினாடி கழித்து அதே அடி திரும்பி வரும்போது காதுக்கு அது எதிரொலியாகத் தெரியாது; சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத ஓர் அறையாகத் தெரியும்.

'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டின் டிரம்மோடு "ஸ்ஸ்" என்று சேர்ந்து வரும் சத்தத்தைக் கவனியுங்கள். அது ஏரோசால் ஸ்ப்ரே டப்பாவை அழுத்திய சத்தம். 'இன்சைட்' தொடக்கத்தில் கேட்பது ஸ்டுடியோ கட்டடத்தின் பழைய லிஃப்ட். அதே பாட்டில் குரல் தொலைவிலிருந்து வருவதற்காகக் கர்ட்டிஸின் குரலைத் தொலைபேசி இணைப்பு வழியே பதிவு செய்தார்கள். 'ஐ ரிமெம்பர் நத்திங்' பாட்டில் உடைவது கண்ணாடி.

சம்னருக்கும் ஹூக்குக்கும் இந்த ஆல்பம் வந்தபோது பிடிக்கவில்லை. மேடையில் இரைச்சலாக, முரட்டுத்தனமாக வாசித்த தங்கள் பாட்டை ஹானெட் குளிரவைத்துவிட்டார் என்று நினைத்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டபடி பதிவாகியிருந்தால் நல்ல பங்க் ஆல்பம் ஒன்று கிடைத்திருக்கும், நாற்பது ஆண்டு நின்றிருக்காது.

பேஸ் கிட்டார் ஏன் பாடுவது போல் இருக்கிறது?

சம்னரின் ஆம்ப்ளிஃபயர் சத்தமானது, ஹூக்கின் கருவி மட்டமானது. ஒத்திகையில் கீழ்த் தந்திகளை வாசித்தால் ஹூக்குக்குத் தன் சத்தமே கேட்கவில்லை. மேலே, மெல்லிய தந்திகளில் உயர்ந்த சுருதியில் வாசித்தால் கேட்டது. அப்படியே பழகிவிட்டது. ஒரே ஒலியைப் பல ஒலிகள் போல விரியவைக்கும் கோரஸ் பெடல் ஒன்றும் பிறகு சேர்ந்தது. பொதுவாக கிட்டார் செய்யும் ராக வேலையைப் பேஸ் எடுத்துக்கொண்டது. கிட்டார் கீறலாகவும் திட்டுத்திட்டாகவும் ஒதுங்கிக்கொண்டது.

வாசித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு: டி, ஜி தந்திகளில் மட்டும் வாசியுங்கள், தந்தி மீட்டும் சிறு தகடான பிக் கட்டாயம், விரலால் வாசித்தால் அந்த விளிம்பு வராது. டி தந்தியைத் திறந்து ஒலிக்கவிட்டு ஜி தந்தியில் ராகத்தை வாசித்தால் ஹூக்கின் ரீங்காரம் கிடைக்கும். பலரும் செய்யும் தவறு, பேஸ் ஒலியின் அடித்தளத்தை ஏற்றிவிடுவது. நடு அலைவரிசையைத்தான் ஏற்ற வேண்டும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

எல்லோரும் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாட்டில்தான் தொடங்குகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அது இரண்டு ஆல்பங்களிலும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 'டிரான்ஸ்மிஷன்', 'அட்மாஸ்ஃபியர்', 'டெட் சோல்ஸ்' மூன்றும்கூட இல்லை. அவற்றுக்கு 1988-ல் வந்த 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பு வேண்டும்.

நாங்கள் சொல்லும் வரிசை: முதல் நாள் 'டிரான்ஸ்மிஷன்', 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்', 'அட்மாஸ்ஃபியர்' மூன்று மட்டும். ஓரிரு நாள் விட்டு 'அன்னோன் பிளஷர்ஸ்' முழுதும், 10 பாட்டு, 40 நிமிடத்துக்குள் முடியும். 'க்ளோசர்' ஆல்பத்துக்கு அவசரப்படாதீர்கள். முந்தையது பழகிய பிறகு எடுங்கள். 9 பாட்டு, முக்கால் மணி நேரம். அதன் இரண்டாம் பக்கம், 'ஹார்ட் அண்ட் சோல்' முதல் 'டெகேட்ஸ்' வரை, இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் கேட்க வேண்டியது. கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தானை அணைத்துவிடுங்கள். இலவசச் சேவையில் 'தி எடர்னல்' பாட்டுக்கும் 'டெகேட்ஸ்' பாட்டுக்கும் நடுவே விளம்பரம் நுழைந்தால் கட்டியது எல்லாம் இடிந்துவிடும். முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் போதாதா?

வழக்கமாக ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போகும். இங்கே தலைகீழ்: ஹூக் மேலே வாசிப்பதால் பேஸ் ராகம் கேட்கும், மோரிஸின் கீழ் டிரம் காணாமல் போகும். அது போனால் பாட்டுக்குத் தரை இருக்காது. சாதாரண ஹெட்ஃபோன் போதும். பேஸ் பூஸ்ட் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இருந்தால் காலி இடமெல்லாம் புகைமூட்டம் போல நிறைந்துவிடும்.

வரிகளைப் படித்தால் நடக்கப்போவதை அவர் முன்கூட்டியே எழுதியது போலத் தெரிகிறதே?

இந்தக் கேள்வி ரசிகர்களை ஆண்டுக்கணக்கில் வாட்டுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் படித்தால் எந்த வரியும் சாட்சியாகிவிடும். 'க்ளோசர்' அட்டையில் இருப்பது இத்தாலியின் ஜெனோவா நகர இடுகாட்டில் உள்ள ஒரு குடும்பக் கல்லறைச் சிற்பம். படம் எடுத்தவர் பெர்னார்ட் பியர் வோல்ஃப். மரணத்துக்குப் பிறகு அதைக் காசாக்கத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். கர்ட்டிஸ் உயிரோடு இருந்தபோதே தேர்வான அட்டை அது.

'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ட்டிஸ் மேக்கிள்ஸ்ஃபீல்ட் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் பணியில் இருந்தார். வலிப்பு நோய் இருந்த ஓர் இளம்பெண் அங்கே வேலை தேடி வந்துகொண்டிருந்தார். பிறகு அவர் இறந்துவிட்டதாகக் கர்ட்டிஸுக்குத் தெரியவந்தது. பாட்டு அவரைப் பற்றியது. பின்னால் கர்ட்டிஸுக்கே அதே நோய் கண்டுபிடிக்கப்பட்டதால் எல்லோரும் அதை அவர் தன்னைப் பற்றிப் பாடியதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளும்போது அந்தப் பெண் பாட்டிலிருந்து மறைந்துபோகிறார். இது பெரிய இழப்பு. இன்னொருவரின் வேதனையைக் கவனித்து எழுதக்கூடிய மனிதராக அவர் இருந்தார் என்பதையும் சேர்த்து நாம் இழக்கிறோம்.

கர்ட்டிஸ் தன் எழுத்துகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒத்திகைக்குக் கொண்டுவருவார். மற்ற மூவரும் வாசிக்க, அவர் கேட்டு, "அதைத் திரும்ப வாசி" என்பார். பிறகு பைக்குள் கைவிட்டுத் தாளை எடுப்பார். வரிகளைத் தாங்கள் உட்கார்ந்து படித்ததில்லை, அவை வேறு யாரையோ பற்றியவை என்று நினைத்துக்கொண்டோம் என்று மூவரும் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியாதது, ரசிகருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அவரைக் காப்பாற்றியிருக்க முடியாதா?

இதற்கு நேரான பதில் யாரிடமும் இல்லை. அந்தக் கடைசி மாதங்கள் எப்படி இருந்தன என்பதைச் சொல்லலாம்.

மார்ச்சில் லண்டனில் 'க்ளோசர்' பதிவு. ஏப்ரல் 2, 3, 4 மூன்று நாளும் லண்டன் மூன்லைட் கிளப்பில் கச்சேரி. 4-ம் தேதி அதற்கு முன்னால் ரெயின்போ அரங்கிலும் ஒரு கச்சேரி. அங்கே பளிச்சிடும் விளக்குகள் எரிந்தபோது மேடையிலேயே வலிப்பு வந்தது. அந்த வார இறுதியில் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கினார். 8-ம் தேதி பரி என்ற ஊரில் மறுபடி கச்சேரி. ஓரிரு பாட்டு மட்டும் பாடவைத்து, மீதிக்கு வேறு பாடகர்களை நிறுத்தினார்கள். கூட்டம் பாட்டில்களை வீசியது. கலவரத்தைப் பார்த்து, எல்லாம் தன்னால்தான் என்று அவர் கலங்கினார். மே 2 அன்று பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி.

இதோடு மணவாழ்க்கையின் முறிவு, ஒரு வயதுக் குழந்தை, இன்னொரு பெண்ணுடனான உறவு, தூக்கமின்மை. எல்லோரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார், அவர்களும் நம்பினார்கள். ஒருவரைச் சுட்டிக் குற்றம் சாட்டுவது சுலபம். அதில் நியாயம் இல்லை.

வலிப்பு நோய்க்கும் அவர் மனநிலைக்கும் தொடர்பு உண்டா?

1978 டிசம்பர் இறுதியில் லண்டன் கச்சேரி முடிந்து காரில் திரும்பும் வழியில் முதல் பெரிய வலிப்பு. 1979 ஜனவரியில் நோய் உறுதியானது. அன்று கொடுக்கப்பட்ட ஃபீனோபார்பிட்டோன் போன்ற மருந்துகள் மந்தத்தையும் மனச்சோர்வையும் உண்டாக்கக் கூடியவை. தூக்கக் குறைவு, மது, அழுத்தம் ஆகியவை வலிப்பைத் தூண்டும்; குழுவின் வாழ்க்கையில் தினமும் இருந்தவை அவையே. இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது வலிப்பை மோசமாக்கும். மனம் சோர்ந்தால் மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்.

கைகளை வெட்டி வெட்டி வீசும் அவருடைய மேடை நடனம் வலிப்பை ஒத்திருந்ததால், எது நடனம், எது வலிப்பு என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. கைதட்டினார்கள். பழைய காணொளிகளைப் பார்க்கும் ரசிகர்களுக்கு இன்று மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

கச்சேரியிலோ வேறெங்கோ ஒருவருக்கு வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது: சுற்றியுள்ள கூர்மையான பொருட்களை அகற்றுங்கள், தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். உலுக்கல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். நம் ஊரில் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும் வழக்கம் இருக்கிறது. அதனால் எந்தப் பலனும் இல்லை, விரலில் காயம்தான் மிஞ்சும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அல்லது நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தால் ஆம்புலன்ஸ்.

இவ்வளவு இருண்ட பாட்டு எப்படி ஆறுதல் தரும்?

2014-ல் தருஃபி, கோல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 772 பேரிடம் சோகப் பாட்டு கேட்கும் அனுபவம் பற்றிக் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன உணர்வு சோகம் அல்ல, கடந்துபோனதை நினைத்து ஏங்கும் ஏக்கம். நிஜ வாழ்க்கையின் விளைவுகள் இல்லாமல் துக்கத்தைத் தொட்டுப்பார்க்க முடிவதையும் ஒரு பயனாகச் சொன்னார்கள்.

ஒப்பாரி கேட்டு வளர்ந்த மொழிக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. யாரோ ஒருவர் குரலெடுத்து அழும்போது, தன் வீட்டுத் துக்கத்துக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போகும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். 'அட்மாஸ்ஃபியர்' அந்த வேலையைச் செய்கிறது. முதலில் 1980-ல் பிரான்சில் 1,578 பிரதிகள் மட்டும் அச்சான பாட்டு அது. 2000-ல் பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சியின் நேயர்கள் எல்லாக் காலத்துக்குமான 50 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் அதற்குத்தான் கிடைத்தது.

எனக்கு ஆறுதல் வரவில்லை. கேட்கக் கேட்க இன்னும் கீழே போகிறேன். என்ன செய்வது?

முதலில், இது உங்கள் ரசனைக் குறைபாடு இல்லை. ஒரே பாட்டு ஒரு நாள் தூக்கிவிடும், இன்னொரு நாள் அழுத்தும். வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஒரு வழி: பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு 10 நிமிடம் கழித்து உங்களைக் கவனியுங்கள். அழுது ஓய்ந்த லேசு இருந்தால் பாட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. அதே ஒரு நினைப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், மறுபடி அதே பாட்டைப் போடத்தான் கை போகிறது என்றால், அன்றைக்கு நிறுத்துங்கள்.

நடுநிசிக்கு மேல், தனியாக, தூங்காமல், குடித்துவிட்டு 'க்ளோசர்' கேட்கவே வேண்டாம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் வசதியை அணையுங்கள். முடிக்கும்போது, கர்ட்டிஸுக்குப் பிறகு மீதி மூவர் தொடங்கிய நியூ ஆர்டர் குழுவின் பாட்டு ஒன்றைப் போடுங்கள்: அதே மூன்று பேர், அதே பேஸ், ஆனால் நடனத் தாளம். இன்னொரு ரசிகரோடு சேர்ந்து கேட்பது இவை எல்லாவற்றையும்விட நல்லது.

கர்ட்டிஸின் முடிவு அழகானது, அவருடைய கலையின் பகுதி என்று பேசுபவர்களிடமிருந்து விலகி இருங்கள். அவர் மனைவி டெபோரா 1995-ல் எழுதிய நினைவுநூல் அந்தப் பேச்சுக்குப் போதுமான பதில்; வீட்டுக்குள் அது எப்படி இருந்தது என்பதை அதில் படிக்கலாம்.

உயிர் வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் பாட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, சென்னையில் சினேகா 044-24640050, இலங்கையில் 1926, பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் 116 123. ரசிக நண்பர் ஒருவரைப் பற்றிக் கவலையாக இருந்தால் சுற்றிவளைக்காமல், "சாகணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. பேசுவதற்கு அனுமதி கிடைத்தது போல் அவருக்கு இருக்கும்.

குழுவின் பெயர் நாஜி முகாமோடு தொடர்புடையதாமே? 'அன்னோன் பிளஷர்ஸ்' அட்டையின் அலைக்கோடுகள் அச்சிட்ட சட்டை போடலாமா?

ஆம். நாஜி முகாம்களில் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பெண்களின் பகுதிக்கு ஒரு நாவலில் இருந்த பெயர் அது. அன்றே கண்டனம் எழுந்தது. ஒடுக்கியவர் பக்கம் நிற்காமல் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று வைத்த பெயர் என்பது குழுவினரின் விளக்கம். அதிர்ச்சிக்காக வைத்ததும் ஒரு பகுதி, பங்க் காலத்தில் அது நாகரிகமாக இருந்தது. இதனால் மனம் புண்படுபவரிடம் வாதாடாதீர்கள். புண்பட அவருக்குக் காரணம் இருக்கிறது.

சட்டையில் இருக்கும் அலைக்கோடுகளுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சாரிலிருந்து (சீரான இடைவெளியில் துடிக்கும் விண்மீன்) வந்த ரேடியோ துடிப்புகள் அவை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 80 துடிப்புகள், 1.337 வினாடிக்கு ஒன்று. வானியல் கலைக்களஞ்சியத்தில் கண்டெடுத்த அந்தப் படம் வெள்ளையில் கறுப்புக் கோடாக இருந்தது. வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதைத் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளையாக்கினார். முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. 2012-ல் டிஸ்னி மிக்கி மவுஸ் உருவத்துக்குள் இந்த அலைகளைப் போட்டுச் சட்டை விற்றது. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டது. பாட்டைக் கேட்காமல் சட்டையை மட்டும் போடுபவர்களைக் கேலி செய்யும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. அதை விட்டுவிடலாம். சட்டை வழியே பாட்டுக்கு வந்தவர்களும் நிறைய.

நியூ ஆர்டர் குழு அந்தப் பாட்டுகளைப் பாடுவது சரியா?

ஒருவர் போனால் அந்தப் பெயரில் தொடர்வதில்லை என்று நால்வரும் முன்பே பேசியிருந்தார்கள். மீதி மூவர் 1980 ஜூலையில் மேடையேறினார்கள், அக்டோபரில் கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார். பெயர் நியூ ஆர்டர்.

அவர்களுடைய முதல் இசைத்தட்டு 'செரிமனி'. கர்ட்டிஸோடு சேர்ந்து செய்த கடைசிப் பாட்டுகளில் ஒன்று. ஆனால் வரிகள் எழுதிய தாள் கிடைக்கவில்லை. இருந்தவை சில ஒலிநாடாக்கள், அதிலும் குரல் மங்கல். சம்னர் அந்த நாடாவை ஈக்வலைசர் கருவி வழியே ஓடவிட்டு, வாத்தியங்களின் அலைவரிசையைக் குறைத்து, குரலின் அலைவரிசையை ஏற்றி, சொல் சொல்லாகக் கேட்டு எழுதினார். இறந்த நண்பனின் வாய்ச்சொல்லைத் தேடித் திரும்பத் திரும்ப நாடாவைச் சுழற்றிய அந்த வேலையை நினைத்துக்கொண்டு 'செரிமனி' கேளுங்கள். சரியா தவறா என்ற கேள்வி அதற்குப் பிறகு எழாது என்று நினைக்கிறோம்.

ஹூக் 2007-ல் பிரிந்தார். 2010 முதல் தன் குழுவோடு ஆல்பங்களை முழுமையாக வாசிக்கிறார். இரு தரப்புக்கும் கசப்பு உண்டு. ரசிகர் பக்கம் எடுக்க வேண்டியதில்லை.

பழைய இசைத்தட்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

'அன்னோன் பிளஷர்ஸ்' முதல் பதிப்பு 10,000 பிரதி. பட்டியல் எண் ஃபேக்ட் 10. அட்டை வழவழப்பாக இருக்காது, விரலுக்குச் சொரசொரப்பு தெரியும். தட்டின் உள்வளையத்தில், லேபிளை ஒட்டிய வழுவழுப்பான பகுதியில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கையால் கீறிய எழுத்து தெரியும்: ஒரு பக்கம் "திஸ் இஸ் தி வே" என்று இருக்கும். விற்பவரிடம் அந்த இடத்தின் படத்தைக் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். சேகரிப்பு நோக்கம் இல்லை, பாட்டுதான் வேண்டும் என்றால் 2015-ல் வந்த மறுபதிப்பே போதும்.

மேக்கிள்ஸ்ஃபீல்ட் போக ஆசை. எப்படிப் போவது, அங்கே என்ன செய்யலாம்?

மான்செஸ்டர் பிக்காடில்லி நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். லண்டன் யூஸ்டனிலிருந்து நேரடி வண்டி உண்டு. நிலையத்திலிருந்து பிரெஸ்ட்பரி சாலையில் உள்ள தகன மயானம் நடக்கும் தூரம்தான், ஆனால் ஏற்றம். மழைக்கு ஏற்ற காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய சமாதியைத் தேடிப் போனால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். பாதையோரம் வரிசையாகப் பதித்த தாழ்வான கற்களில் ஒன்றுதான் அவருடையது. பெயர், 18-5-80 என்ற நாள், 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்ற வரி. 2008-ல் அந்தக் கல்லை யாரோ திருடிவிட்டார்கள். இப்போது இருப்பது மாற்றுக்கல். மே 18 அன்று கூட்டமாக இருக்கும். தனியாக நிற்க விரும்பினால் வேறு நாளில் போங்கள்.

காசு, கிட்டார் பிக், கடிதம், பூ எல்லாம் வைக்கிறார்கள். கண்ணாடிப் பொருள், மெழுகுவத்தி வேண்டாம். கல்லின் மேல் எழுதவும் வேண்டாம். பக்கத்துக் கற்கள் மற்றவர்களுடைய அப்பா அம்மாக்களுடையவை. அவற்றின் மேல் உட்காராதீர்கள், பையை வைக்காதீர்கள். இறுதிச் சடங்கு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அவர்கள் போகும்வரை வாசலுக்கு வெளியே காத்திருங்கள். பார்ட்டன் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது குடியிருப்புத் தெரு, கதவைத் தட்டுவதோ சன்னலைப் படமெடுப்பதோ கூடாது. கடிதம் வைப்பதானால் மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றில் பறக்காமல் மேலே சிறு கல் ஒன்றை வைத்துவிட்டு வாருங்கள்.